ரூபாய்க்கு எட்டுப் படி: எந்தப் படி, எந்த மாதம், யாருக்கு?

கேள்வி இது: 1900க்கும் 1920க்கும் இடையில் தஞ்சாவூர்ப் பக்கத்தில் வாழ்ந்த நடுத்தரக் குடும்பம் ஒன்று அரிசி, உப்பு, விளக்குக்கு எண்ணெய், துணிமணி ஆகியவற்றுக்கு என்ன விலை கொடுத்திருக்கும்? அதை எங்கே தேடுவது? கூடவே, ‘ரூபாய்க்கு எட்டுப் படி அரிசி விற்ற காலம்’ என்று தாத்தா சொன்னது இன்றைய கணக்கில் எவ்வளவு?

அரிசிக்கும் உப்புக்கும் அச்சிட்ட விலையே கிடைக்கும். எண்ணெய்க்கும் துணிக்கும் பழைய வீட்டுக் கணக்குகளைத் துழாவ வேண்டும். தாத்தாவின் எட்டுப் படி, இன்னும் இரண்டு மூன்று விவரங்கள் தெரியாத வரை விலையே ஆகாது. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில், வெள்ளைக்கார அரசு தானிய விலையை இவ்வளவு கவனமாக எழுதி வைத்தது எதற்காக என்று கேட்டுக்கொள்ளுங்கள். குடிமக்கள் மீது இருந்த அக்கறையால் அல்ல. சென்னை மாகாணத்தில் ரயத்துவாரி நிலவரி, அதாவது உழவரிடமிருந்து அரசு நேராக வாங்கிய வரி, விலையின் தோளில்தான் உட்கார்ந்திருந்தது. ஒரு வயலில் இவ்வளவு நெல் விளையும் என்று மதிப்பிடுவார்கள். பஞ்சம் இல்லாத 20 ஆண்டுகளின் சராசரி விலையால் அதைப் பணமாக்குவார்கள். வியாபாரியின் லாபத்துக்கும் வண்டிக்கூலிக்கும் கொஞ்சம் தள்ளுவார்கள், சாகுபடிச் செலவைக் கழிப்பார்கள், மிச்சத்தில் பாதி சர்க்காருக்கு. விலை தெரியாமல் வரி போட முடியாது. பஞ்ச நிவாரணக் கூலியை முடிவு செய்யவும், பட்டாளத்துக்குத் தீனி வாங்கவும்கூட விலை வேண்டியிருந்தது. அதனால் தாலுகா தலைமையிடங்களிலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை விலை அறிக்கை போனது. அது அரசிதழில் அச்சானது. பிறகு இந்தியா முழுவதற்குமான விலை, கூலிப் புள்ளிவிவரத் தொகுதிகளாக ஆண்டுதோறும் திரட்டப்பட்டது. தஞ்சாவூருக்கு 1906இல் ஹெமிங்வே எழுதிய கெசட்டியர், அதாவது அரசின் மாவட்ட விவர நூல், இருக்கிறது. அதோடு தனியாக வந்த புள்ளிவிவர இணைப்புத் தொகுதியைத்தான் நீங்கள் முதலில் தேட வேண்டும். கெசட்டியரைப் படித்தவர்கள் பலர், இணைப்பைப் புரட்டியவர்கள் சிலர். விலைப் பட்டியல் இருப்பது இணைப்பில்தான்.

இந்தப் பட்டியல்களைத் திறந்ததும் முதல் பொறி காத்திருக்கும். நமக்குப் பழக்கம் ‘கிலோ இத்தனை ரூபாய்’. அந்தக் காலப் பட்டியலில் இருப்பது ‘ரூபாய்க்கு இத்தனை சேர்’. எண் பெரிதானால் விலை மலிவு, எண் சிறுத்தால் விலையேற்றம். இதுகூடச் சீக்கிரம் பழகிவிடும். பழகாதது சராசரி. ஓர் ஊரில் நல்ல காலத்தில் ரூபாய்க்கு 16 சேர், பஞ்ச காலத்தில் 6 சேர் என்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் 11 சேர் வரும். அதாவது சேர் ஒன்றரை அணாவுக்கும் குறைவு (ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பை). ஆனால் உண்மையில் ஒரு சேருக்கு நல்ல காலத்தில் 1 அணா, பஞ்சத்தில் 2 அணா 8 பை. இவற்றின் சராசரி 1 அணா 10 பை. சேர் எண்ணை அப்படியே சராசரி போட்டால் பஞ்சத்தின் கடுமை பாதி கரைந்துபோகும். ஆகவே ஒவ்வொரு எண்ணையும் முதலில் ஒரு சேருக்கு இத்தனை அணா, பை என்று திருப்பிப் போட்டுக்கொண்டு, அதன்பிறகு சராசரி பாருங்கள்.

எந்த சேர் என்பது அடுத்த கேள்வி. இந்தியத் தொகுதிகளில் வரும் சேர் 80 தோலா எடை, ஏறக்குறைய 933 கிராம். தோலா என்பது வெள்ளி ரூபாய் நாணயத்தின் எடை. தமிழ்நாட்டுக் கடைக்காரரின் சேர் வேறு. 3 தோலா ஒரு பலம், 8 பலம் ஒரு சேர், 5 சேர் ஒரு வீசை, 8 வீசை ஒரு மணங்கு. இந்தக் கணக்கில் சேர் 24 தோலாதான், 280 கிராம். மணங்கும் அப்படியே: சென்னை மணங்கு சுமார் 25 பவுண்டு, ரயில்வேயும் உப்பு இலாகாவும் பயன்படுத்திய வங்காள மணங்கு 82 பவுண்டுக்குச் சற்று மேல். ஒரே பக்கத்தில் இரண்டு மணங்கும் வந்து, எது எதுவென்று சொல்லாமல் விட்ட அறிக்கைகள் உண்டு. ஒரு பொருளின் விலை திடீரென்று மூன்று மடங்குக்கு மேல் ஏறியதாகத் தெரிந்தால், சந்தையைச் சந்தேகிக்கும் முன் மணங்கைச் சந்தேகியுங்கள்.

முகத்தலளவை இதைவிடக் குழப்பம். சென்னையில் 8 ஆழாக்கு ஒரு படி, 8 படி ஒரு மரக்கால், 400 மரக்கால் ஒரு கரிசை. தஞ்சாவூரில் 12 மரக்கால் ஒரு கலம். அந்தக் கலத்தை அரசு அறிக்கைகள் 24 சென்னைப் படி என்று கணக்கிடும். வகுத்துப் பாருங்கள், தஞ்சாவூர் மரக்கால் சென்னை மரக்காலில் கால்பங்கு. படியிலும் பட்டணம் படி, சின்னப் படி என்று இரண்டு. பின்னது முன்னதில் பாதி. போதாததற்கு, குவித்து அளப்பதா தலைதட்டி அளப்பதா என்ற சண்டை வேறு.

இப்போது தாத்தாவிடம் வருவோம். பட்டணம் படியில் அரிசி ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ பிடிக்கும். எட்டுப் படி என்றால் 12 கிலோவை ஒட்டி வரும். அவர் சொன்னது சின்னப் படியானால் ஆறு கிலோதான். முதல் உலகப் போருக்கு முந்தைய ஆண்டுகளைப் பற்றிப் பேசினாரா, போர் முடியும் தறுவாயில் விலை எகிறியிருந்ததைப் பற்றிப் பேசினாரா என்பது இதைப் பொறுத்து மாறிவிடும். 1918 செப்டம்பரில் சென்னையில் அரிசி விலையாலும் துணி விலையாலும் கடைகள் கொள்ளைபோகும் அளவுக்குக் கலவரம் நடந்தது. அந்த ஆண்டுகளைப் பார்த்த மனிதர் ஒருவர் ‘எட்டுப் படி’ என்பதை மலிவுக்கு உதாரணமாகவும் சொல்லியிருக்கலாம், புலம்பலாகவும் சொல்லியிருக்கலாம். நாம் கேட்கும்போது எல்லாமே மலிவாகத்தான் ஒலிக்கிறது.

மாதமும் முக்கியம். காவிரிப் பாசனத்தில் தை, மாசியில் சம்பா அறுவடையாகிக் களத்துக்கு வரும்போது விலை இறங்கும். அதற்கு முந்தைய மாதங்களில் குதிர் காலியாகும், விலை ஏறும். வரிக் கணக்குக்காகத் தொகுத்த விலை விவசாயி விற்ற விலை. குடும்பம் கடையில் கொடுத்தது வேறு. நாகப்பட்டினத்திலிருந்து இலங்கைக்குப் போன அரிசியும் பர்மாவிலிருந்து வந்த அரிசியும் சேர்ந்து ஆட்டிவைத்த சந்தை அது. உள்ளூர் விளைச்சலை மட்டும் பார்த்தால் விலை புரியாது.

அரசு எண்களை எந்த அளவுக்கு நம்பலாம்? தாலுகா கச்சேரி (அரசு அலுவலக) எழுத்தர் கடைத்தெருவில் இரண்டு மண்டிக்காரர்களைக் கேட்டு எழுதியதுதான் அடிப்படை. ‘இரண்டாம் ரக அரிசி’ என்று தலைப்பு இருக்கும். எது இரண்டாம் ரகம் என்பது அவர் கையில். அடுத்தடுத்து ஐந்தாறு அறிக்கைகளில் கடைசிப் புள்ளி வரை ஒரே எண் இருந்தால், சந்தை அசையவில்லை என்று நான் எடுத்துக்கொள்ள மாட்டேன், எழுத்தர் எழுந்து போகவில்லை என்று எடுத்துக்கொள்வேன். பக்கத்துத் தாலுகாவோடு ஒப்பிட்டுப் பார்த்தால் இது உடனே பிடிபடும்.

பிறகு, யார் எதை நிரூபிக்க விலையைத் தொகுத்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். பதிவுத் துறைத் தலைமை அதிகாரியாக இருந்த எஸ். சீனிவாச ராகவையங்கார் 1890களின் தொடக்கத்தில் சென்னை மாகாணத்தின் நாற்பதாண்டு முன்னேற்றம் பற்றி ஒரு பெரிய அறிக்கை எழுதினார். அதன் விலைப் பட்டியல்கள் ஒரு சுரங்கம். ஆனால் நாடு முன்னேறியிருக்கிறது என்று காட்டுவதற்காகவே எழுதிய அறிக்கை அது. அதே விலையேற்றத்தைச் சுதேசமித்திரனை நிறுவிய ஜி. சுப்பிரமணிய ஐயர் போன்றவர்கள் ஏழையின் வயிற்றில் விழுந்த அடியாகப் படித்தார்கள். நெல் விற்பவனுக்கு விலையேற்றம் வரவு, வாங்குபவனுக்குச் செலவு. இரு தரப்பும் பொய் சொல்லவில்லை. 1910இல் இந்திய அரசே விலையேற்றத்தை ஆராய கே. எல். தத்தாவை நியமித்தது. 1914இல் அறிக்கை வெளிவந்தது. உங்கள் இருபதாண்டுகளின் முதல் பாதிக்கு அது தவிர்க்க முடியாத நூல்.

உப்பு விஷயத்தில் மட்டும் நீங்கள் அதிர்ஷ்டசாலி. உப்பின் மீது போட்ட வரி எல்லாப் பதிவேட்டிலும் இருக்கிறது, ஆண்டு வாரியாகத் தெளிவாக. 1888 முதல் வங்காள மணங்குக்கு 2 ரூபாய் 8 அணா. 1903இல் 2 ரூபாய், 1905இல் ஒன்றரை ரூபாய், 1907இல் 1 ரூபாய். 1916இல் மீண்டும் ஏறி 1 ரூபாய் 4 அணா. அந்த மணங்கில் 40 சேர். ஆக 1903 வரை ஒரு சேர் உப்பில் வரி மட்டுமே சரியாக 1 அணா. 1907 முதல் 1916 வரை அது 5 பைக்கும் குறைவு. இதன்மேல் உப்பளத்தில் எடுத்த செலவு, வண்டிக்கூலி, கடைக்காரர் லாபம். கடை விலை கிடைக்காத ஊருக்கும் அடிமட்ட விலையை இப்படிக் கட்டிவிடலாம். கடை விலை கிடைத்தால், வரி இறங்கியபோது கடைக்காரர் எவ்வளவு இறக்கினார் என்று பார்ப்பது சுவாரசியமான வேலை.

அதேபோல் அசையாத இன்னொரு விலை அஞ்சலட்டை. 1879இல் காலணாவுக்கு வந்தது, 1922இல்தான் அரையணா ஆனது. உங்கள் குடும்பம் இருபதாண்டும் காலணா கொடுத்தே கார்டு வாங்கியிருக்கும். கதை எழுதுகிறவராக இருந்தால் இதைத் தைரியமாகப் பயன்படுத்தலாம்.

எண்ணெய், துணி, பாத்திரம், பருப்பு எல்லாவற்றுக்கும் தமிழ்க் கணக்குகள்தான் கதி. கோயில் கணக்கு, சத்திரக் கணக்கு, செட்டிநாட்டுப் பேரேடுகள், கல்யாணச் செலவுப் பட்டியல், சீர்வரிசைக் குறிப்பு. இவற்றின் பெருமை என்னவென்றால், எதையும் நிரூபிக்க எழுதப்பட்டவை அல்ல. நாலு பேர் பங்கு போட வேண்டிய செலவில் ஒரு தம்பிடி இடித்தாலும் கேள்வி வரும் என்ற பயத்தில் எழுதியவை. சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தின் மூலச் சேகரிப்பு கோட்டையூரிலிருந்து வந்தது. பழைய அச்சுப் பொருள்களை அங்கே பார்க்கலாம். இன்னும் பின்னால் போக வேண்டுமென்றால் தஞ்சை மராத்தியர் அரண்மனையின் மோடி ஆவணங்கள் (மோடி என்பது பழைய மராத்தி எழுத்து) இருக்கின்றன. சரஸ்வதி மகாலிலும் தமிழ்ப் பல்கலைக்கழகத்திலும் அவற்றை வைத்துத் தமிழில் பெயர்த்துமிருக்கிறார்கள்.

கணக்கு நோட்டைப் படிக்கக் கொஞ்சம் பயிற்சி வேண்டும். ரூபாய்க்கு ௹ என்ற குறி, வரவுக்கு ௷, பற்றுக்கு ௶, ‘மேற்படி’க்கு ௸. இருபத்தைந்தை ௨௰௫ என்று எழுதுவார்கள். நடுவிலுள்ள பத்தை விட்டுவிட்டால் கணக்கு போச்சு. ஒன்று என்ற எண்ணும் ‘க’ என்ற எழுத்தும் கையெழுத்தில் ஒன்றுபோலவே இருக்கும், ஏழும் ‘எ’யும் அப்படித்தான். அணாவை எண்ணாமல் பின்னமாகவே எழுதும் வழக்கமும் உண்டு. ரூபாயில் பதினாறில் ஒன்று அணா, தமிழ்ப் பின்னத்தில் அது மாகாணி. எனவே ‘காலே மாகாணி’ என்றால் 5 அணா, ‘காலே அரைக்கால்’ 6 அணா, ‘முக்காலே அரைக்கால்’ 14 அணா. வாய்விட்டுப் படித்தால் சீக்கிரம் வரும். அணாவுக்குக் கீழே 12 தம்பிடி, அதுவே ஆங்கிலக் கணக்கில் பை. அச்சில் 2-8-0 என்று பார்த்தால் 2 ரூபாய் 8 அணா 0 பை. கணினி வருடல் இந்தச் சிறு கோடுகளை விழுங்கி 280 ஆக்கிவிடும். இணையத்தில் கிடைக்கும் எழுத்து வடிவத்தை நம்பாமல் பக்கத்தின் படத்தையே பாருங்கள்.

ஆண்டும் ஏமாற்றும். நோட்டில் ‘சார்வரி வருஷம் தை மாதம்’ என்று மட்டும் இருக்கும். அறுபது ஆண்டுக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பி வரும். சார்வரி 1900 ஏப்ரலில் பிறந்தது, 1840இலும் ஒன்று உண்டு. ‘தாது வருஷத்துப் பஞ்சம்’ என்றால் 1876-77 என்று எல்லோருக்கும் தெரியும், ஆனால் ஒரு நோட்டின் தாது 1816ஆகவோ 1936ஆகவோ இருக்கலாம். அரசு வருவாய்ப் பதிவுகளில் பசலி ஆண்டு வரும். அது ஜூலையில் தொடங்கும். 590 கூட்டினால் தொடங்கும் ஆங்கில ஆண்டு: பசலி 1310 என்றால் 1900 ஜூலை முதல் 1901 ஜூன் வரை.

உங்கள் காலத்துக்குத் தேவையில்லை என்றாலும் ஒரு வரி: 1818க்கு முந்தைய சென்னை விலைகள் வராகன், பணம், காசு என்ற பழைய நாணயங்களில் இருக்கும். கிழக்கிந்தியக் கம்பெனிக் கணக்கில் ஒரு வராகனுக்கு 42 பணம், பணத்துக்கு 80 காசு. ரூபாய்க்கு மாறியபோது 100 வராகனுக்கு 350 ரூபாய் என்று வைத்தார்கள். 3 வராகன் 21 பணம் என்றால் 12 ரூபாய் 4 அணா. கடைத்தெரு விகிதம் கம்பெனி விகிதத்தோடு ஒத்துப்போகாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

செய்தித்தாள் விளம்பரங்களைப் பற்றிப் பலரும் உற்சாகமாகச் சொல்வார்கள். சோப்பு, கடிகாரம், லேகியம், சீமை விளக்கு எல்லாவற்றுக்கும் விலை போட்டிருக்கும், உண்மைதான். ஆனால் அவை தபாலில் வரவழைக்கக்கூடியவர்களின் உலகம். ஸ்பென்சர் கம்பெனியின் விலைப்பட்டியலை வைத்துக் கும்பகோணம் அடுக்களையை அளக்க முடியாது. எனக்கு இவற்றைவிடப் பிடித்தது நூல்களின் அட்டையில் அச்சிட்ட விலை. குஜிலிக் கடையில் (சென்னையின் மலிவுக் கடைத்தெரு) விற்ற பாட்டுப் புத்தகத்துக்குப் போட்டிருக்கும் காலணா, அரையணா, கூலிக்காரர் கையிலிருந்தும் வந்த காசு. மொத்தமாக வாங்கிய நிறுவனங்களின் கணக்கும் நல்லது. சிறைத்துறை ஆண்டறிக்கையில் ஒரு கைதிக்கு ஆன சாப்பாட்டுச் செலவு இருக்கும். டெண்டர் விலை என்பதால் கடை விலையைவிடக் குறைவு, ஆனாலும் நிஜமாகக் கைமாறிய பணம் அது. வருவாய் வாரியப் பதிவுகளைப் பார்க்க எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கு அனுமதி பெற்றுப் போக வேண்டும்.

துணிக்கு ஒரு எச்சரிக்கை போதும்: முழக் கணக்கும் கெஜக் கணக்கும் கலந்திருக்கும், புடவையின் நீளம் தெரியாமல் விலையை ஒப்பிடாதீர்கள். சுங்கப் பதிவுகளில் இருப்பது துறைமுக மதிப்பு, கடை விலையல்ல. எண்ணெயில் இன்னொரு சிக்கல். அந்த இருபது ஆண்டுகளில் ஆமணக்கெண்ணெய் விளக்கை மண்ணெண்ணெய் தள்ளிக்கொண்டிருந்தது. 1900இல் ஆமணக்கெண்ணெய் விலையும் 1920இல் மண்ணெண்ணெய் விலையும் எடுத்து வெளிச்சச் செலவு குறைந்தது என்று சொல்வதற்கு முன், அந்த வீட்டில் மாடக்குழி அகல் அணைந்ததா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலும் இரண்டும் எரிந்தன.

எந்த ஏட்டிலும் அகப்படாத விலை ஒன்று உண்டு. ஏழைக் குடும்பம் வீசையாகவோ படியாகவோ வாங்கவில்லை. ‘காலணாவுக்கு நல்லெண்ணெய், தம்பிடிக்கு மிளகாய்’ என்று குழந்தையிடம் கிண்ணத்தைக் கொடுத்து அனுப்பினார்கள். காசுதான் நிலையான அளவு. விலை ஏறும்போது கடைக்காரர் காசைக் கூட்டிக் கேட்க மாட்டார், கரண்டியைச் சற்றுக் குறைத்து முகப்பார். முப்பது ஆண்டு காலணா காலணாவாகவே இருக்கும், கிண்ணத்தில் எண்ணெய் மட்டம் இறங்கிக்கொண்டே போகும். பாட்டிமார் ‘காலணாவுக்கு எண்ணெய்’ என்று நினைவுகூர்வதை வைத்து விலை மாறவில்லை என்று எழுதியவர்களை நான் படித்திருக்கிறேன்.

கடைசியாக, இன்றைய மதிப்பு. ஒரு ரூபாய் அன்று இன்றைய இத்தனை ரூபாய் என்று ஒரே எண் சொல்பவரை நம்ப வேண்டாம். அரிசியால் பெருக்கினால் ஒரு விடை, தங்கத்தால் பெருக்கினால் வேறு விடை. இங்கிலாந்துப் பவுண்டுக்கு மாற்றுவதும் உதவாது. வெள்ளி விலை சரிந்ததால் 1870களில் 2 ஷில்லிங்கை ஒட்டியிருந்த ரூபாய், நூற்றாண்டின் இறுதியில் 1 ஷில்லிங் 4 பென்ஸில் வந்து நின்றது. உருப்படியான வழி, விலையை அந்தக் காலத்து வருமானத்தோடு நிறுத்திப் பார்ப்பது. உங்கள் குடும்பத்தலைவர் கச்சேரி எழுத்தராகவோ பள்ளி ஆசிரியராகவோ இருந்தால், அந்தப் பதவியின் சம்பளம் அரசுப் பட்டியலில் அச்சாகியிருக்கும். மாதச் சம்பளத்தில் அரிசிக்கு எத்தனை நாள் உழைப்பு போயிற்று என்று கணக்கிடுங்கள். வீட்டில் சொந்த நிலம் இருந்து நெல் வந்திருந்தால் அந்தக் கணக்கும் மாறும், அரிசி விலை ஏறியது அவர்களுக்கு நல்ல சேதியாகவே இருந்திருக்கும்.

அந்த நிலத்தில் உழைத்த பண்ணையாளுக்கோ கூலி நெல்லாகவே அளக்கப்பட்டது. அரிசி விலை அவரை நேராகத் தொடவில்லை. உப்புக்கும் புகையிலைக்கும் கருவாட்டுக்கும் அந்த நெல்லைக் கடையில் கொட்டியபோதுதான் விலை அவரைத் தொட்டது. இந்த மாற்று விகிதம் அரசிதழில் இருக்காது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர், மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பிக் கணக்கெடுக்கச் செய்து 1918இல் வெளியிட்ட தொகுப்பில் தஞ்சாவூர் மாவட்டத்துப் பாலக்குறிச்சி இருக்கிறது. யார் என்ன கூலி வாங்கினார்கள், என்ன செலவழித்தார்கள் என்று ஊரளவில் இறங்கிப் பார்த்த கணக்கு அது. 1930களில் அதே ஊர்களுக்கு வேறு ஆய்வாளர்கள் திரும்பவும் போனார்கள். உங்கள் இருபதாண்டுக்கு உள்ளேயே வரும் முதல் தொகுப்பை எடுத்து, பாலக்குறிச்சிப் பக்கங்களையும் தஞ்சாவூர் புள்ளிவிவர இணைப்பையும் அருகருகே வைத்துத் தொடங்குங்கள். படி எது என்று மட்டும் முதலில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.